தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு இது போதும்னு யாரு சொன்னா?

போன வாரம் எங்க பள்ளிக்கு ஒரு பெரியவர் வந்திருந்தாரு. யாரு, எங்கேருந்துன்னெல்லாம் வேண்டாம். நல்ல மனுசர்தான். என் வகுப்பறையைச் சுத்திப் பார்த்தாரு, பலகையைத் தொட்டுப் பார்த்தாரு, டேப்லெட்டைக் கையில வாங்கித் திருப்பிப் பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு:

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு இவ்ளோ வேணுமா?"

சொல்லிட்டுப் பசியாறப் போயிட்டாரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. (கோவம்தான். வேற என்ன?)

அந்தக் கோவத்துலதான் இதை எழுத உக்காந்தேன். நீளமாப் போகும், ஒரு டீ போட்டுக்கிட்டு வந்துடுங்க.

முதல்ல, இந்தப் "போதும்"ங்கிற பேச்சு எங்கேருந்து வந்துச்சுன்னு பார்ப்போம். மலாயாவுல தமிழ்க்கல்வி தொடங்குனது 1816-ல, பினாங்குல. தோட்டத்துக்குள்ள பள்ளிக்கூடம் பரவலா வந்தது அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு. 1923 தொழிலாளர் சட்டம் என்ன சொல்லுச்சுன்னா, தோட்டத்துல பள்ளி வயசுப் பிள்ளைங்க பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருந்தா நிர்வாகம் ஒரு பள்ளிக்கூடம் வைக்கணும். வச்சாங்க. எப்படி? பல எடத்துல ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார். அந்த வாத்தியாருமே கிராணியாவோ, கங்காணியாவோ, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிஞ்ச யாராவதாவோ இருப்பாரு. பிள்ளை பேர் எழுதத் தெரிஞ்சுக்கிட்டா போதும், கூலியை எண்ணத் தெரிஞ்சா போதும்.

நூறு வருசமாச்சு. கொட்டகை போயி கட்டடம் வந்துடுச்சு. "போதும்" மட்டும் இன்னும் போகல.

எங்க ஊரைப் பத்தித் தெரியாதவங்களுக்காக: கோலா தெர்லா பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில, கம்போங் ராஜாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவுல இருக்கு. டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் நிக்காமத் தாண்டிப் போயிடும். மலைச்சரிவுல தேயிலை, கீழ பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்க. இந்த மலையில போ தேயிலை 1929-ல ஆரம்பிச்சது, பாரத் தேயிலை 1933-ல. எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேரோட கொள்ளுத் தாத்தா காலத்துக் கதை அது. இன்னிக்கு அப்பா அம்மா பல பேரு கொழுந்தை விட்டுட்டு காய்கறிப் பக்கம் போயிட்டாங்க. விடியுறதுக்கு முன்னாடியே வீட்டைவிட்டுக் கிளம்பிடுவாங்க.

பள்ளி ரொம்பச் சின்னது. என் வகுப்புல 11 பேரு. "அப்படின்னா லேசுதானே டீச்சர்"னு நெனைப்பீங்க. ஒரு விதத்துல லேசு. இன்னொரு விதத்துல, தலைக் கணக்குப் பார்த்துக் காசு ஒதுக்குற எந்த எடத்துலயும் நாங்க கடைசி வரிசை.

சரி, வகுப்பறைக்கு வருவோம்.

நான் இங்க மாத்தலாகி வந்தப்ப, வகுப்பை மாத்தணும்னா என் மனசுலயும் முதல்ல தோணுனது ஸ்மார்ட் டிவிதான். எல்லாரும் அதைத்தானே காட்டுறாங்க? "21-ஆம் நூற்றாண்டு வகுப்பறை"ன்னு படம் போட்டாலே நடுவுல ஒரு பெரிய திரை, சுத்திக் கலர் நாற்காலி. ஆனா கையில காசு இல்ல. அதனால காசில்லாமப் பார்க்கக்கூடியதைப் பார்க்க ஆரம்பிச்சேன். அதாவது, பிள்ளைங்க உக்கார்ற எடத்துல போயி உக்காந்து பார்த்தேன்.

நீங்க டீச்சரா இருந்தா ஒருநாள் இதைச் செஞ்சு பாருங்க. கடைசி வரிசை, சுவர் ஓரம், அந்தச் சின்ன நாற்காலி. பாடம் முடிஞ்சதும் ஒரு மணி நேரம் சும்மா உக்காருங்க.

எனக்கு என்ன தெரிஞ்சுச்சுன்னா, பலகையில எழுதியிருக்குறது பாதி தெரியல.

கண்ணுல கோளாறு இல்ல, வெளிச்சம்தான் இல்ல. இங்க மதியத்துக்கு மேல பனி எறங்கிடும். ஜன்னலுக்கு வெளிய வெள்ளையா ஒண்ணு வந்து நிக்கும், உள்ள இருட்டிப் போயிடும். போதாததுக்கு ஜன்னல் கண்ணாடி மேலயே வருசக்கணக்கா வாழ்த்து அட்டை, வரைபடம், "சுத்தம் சுகம் தரும்" எல்லாம் ஒட்டி வச்சிருந்தாங்க. பாதி ஜன்னல் சுவராவே மாறிப் போச்சு.

கைப்பேசியில வெளிச்சத்தை அளக்குற செயலி ஒண்ணு சும்மாவே கிடைக்குது. பிள்ளைங்க கையில கொடுத்து, "வகுப்புல எந்த எடம் ரொம்ப இருட்டுன்னு கண்டுபிடிங்க"ன்னு விட்டுட்டேன். வகுப்பறைக்குக் குறைஞ்சது 300 லக்ஸ் வெளிச்சம் வேணும்னு கணக்கு. ஜன்னல் ஓரத்துல அதுக்கு மேல காட்டுச்சு. பின் வரிசையில பனி எறங்குன நேரத்துல 100-ஐக்கூடத் தொடல. நாலாம் ஆண்டுப் பிள்ளைங்க தரையில சாக்பீஸால கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் எண்ணை எழுதி, வகுப்பறைக்கே ஒரு வெளிச்ச வரைபடம் போட்டுட்டாங்க. அறிவியல், கணிதம் ரெண்டும் அன்னிக்கு நடந்துடுச்சு. புத்தகத்தைத் திறக்கவே இல்ல.

அந்த வரைபடத்தைத் தலைமையாசிரியர் கிட்ட காட்டுனோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல பேசுனாங்க. ரெண்டு கூடுதல் டியூப் லைட் வந்துச்சு. சுவர்ல கீழ்ப்பாதி கரும்பச்சையா இருந்ததை, ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டுப்பணி வச்சு வெளிர் மஞ்சளா அடிச்சாங்க. அப்பாமாருங்க பெயிண்ட் அடிக்க, அம்மாமாருங்க பிரட்டல் மீகூன் செஞ்சு கொண்டுவர, அன்னிக்குப் பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரிதான் இருந்துச்சு.

ஜன்னல்ல ஒட்டுனதையெல்லாம் நான் கிழிச்சப்ப மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பு. "வகுப்பறை வெறுமையா இருக்கே டீச்சர், அலங்காரம் பண்ணலையா?"

இங்க ஒரு ஆய்வைச் சொல்லியே ஆகணும். இங்கிலாந்துல சால்ஃபர்ட் பல்கலைக்கழகத்துல பீட்டர் பாரட்டும் அவரோட குழுவும் 27 பள்ளி, 153 வகுப்பறை, 3,766 பிள்ளைங்களைப் பார்த்து 2015-ல அறிக்கை போட்டாங்க. ஒரு வருசத்துல பிள்ளைங்க படிப்புல முன்னேறுறதுல தெரியுற வித்தியாசத்துக்கு 16 விழுக்காடு வகுப்பறையோட அமைப்பே காரணம்னு கண்டாங்க. அதுல பாதி வெளிச்சம், காத்து, வெப்பம், இந்த மாதிரி விசயங்கள். இன்னொண்ணும் சொன்னாங்க: சுவர் முழுக்க ஒட்டாதீங்க, 20-லேருந்து 50 விழுக்காடு வரைக்கும் சும்மா விடுங்க, பிள்ளைக்குக் கவனம் சிதறும்.

நம்ம ஊர்ல சிறந்த வகுப்பறைப் போட்டி வச்சா என்ன பண்ணுவோம்? கூரையிலேருந்து தோரணம் தொங்கும். இந்தப் பழக்கத்தை நாம விட்டாகணும், நான் அழுத்தியே சொல்றேன். இப்ப எங்க வகுப்புல ஒரு சுவர் முழுக்கப் பிள்ளைங்களோட வேலைக்கு மட்டும். அதுலயும் ஒருத்தர் புதுசு ஒட்டணும்னா, பழசு ஒண்ணை எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிடணும்.

அடுத்தது பலகை.

இதை நான் கத்துக்கிட்டது தமிழ்நாட்டுலேருந்து. 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. மாநகராட்சி ஆணையரா இருந்த எம்.பி.விஜயகுமார் முன்னெடுத்தது. அதுக்கு அடிப்படை ஆந்திராவுல ரிஷி வேலியில உருவான முறை. அப்புறம் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போச்சு. அதைப் பத்தி ஆயிரம் விவாதம் இருக்கு, அட்டைகள் சரியா, டீச்சருக்குச் சுமையான்னு. அதுக்குள்ள நான் போகல. என்னைப் பிடிச்சு இழுத்தது ஒரே ஒரு விசயம். சுவரோட கீழ்ப்பகுதியில, தரையில உக்காந்த பிள்ளைக்கு எட்டுற உயரத்துல, சுத்திலும் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுல சொந்தமா ஒரு எடம்.

கம்ப்யூட்டர் இல்ல, கரண்ட் இல்ல. ஆனா அந்த ஒரு மாத்தத்துல எழுதுற அதிகாரம் டீச்சர் கையிலேருந்து பிள்ளை கைக்குப் போகுது பாருங்க! என்னைக் கேட்டா இதுதான் நவீனம்.

எங்க வகுப்புல ப்ளைவுட் பலகையில பச்சைப் பலகை பெயிண்ட் அடிச்சு, ரெண்டு சுவர் நீளத்துக்குப் பிள்ளைங்க இடுப்பு உயரத்துல அடிச்சோம். பெயிண்ட் ஆர்டுவேர் கடையில கிடைக்கும். முதல் தடவை ஒரு பூச்சோட நிறுத்துனோம், சாக்பீஸ் வழுக்குச்சு. உப்புத்தாளால தேய்ச்சு மறுபடி ரெண்டு பூச்சு அடிச்சதும் பிடிச்சுக்கிச்சு. கீழ ஒரு குச்சிச் சட்டம், சாக்பீஸ் தூள் விழ. அவ்வளவுதான்.

ஒரு அப்பா வந்து பார்த்துட்டு, "ஏன் டீச்சர் பலகையை இவ்ளோ கீழ எறக்கிட்டீங்க?"ன்னாரு. அவர் மகன் பதில் சொன்னான்: "அப்பா, இது டீச்சர் பலகை இல்ல. எங்களுது."

(அந்தப் பையன் அதுக்கு முன்னாடி வகுப்புல வாயே திறக்க மாட்டான். மாசக்கணக்கா.)

மேசை நாற்காலி கதையும் இருக்கு. குழுவா உக்காரணும், அப்புறம் வட்டமா உக்காரணும், அப்புறம் தனியா எழுதணும். அப்படின்னா மேசை நகரணும். இரும்புக் கால் மேசையை சிமெண்டுத் தரையில இழுத்தா பக்கத்து வகுப்பு டீச்சர் கதவு வரைக்கும் வந்துடுவாங்க. டென்னிஸ் பந்தை வெட்டி மாட்டிப் பார்த்தோம், ரெண்டு வாரத்துல பிஞ்சு போச்சு. கடைசியில நின்னது பழைய சைக்கிள் டியூப். நறுக்கி, மடிச்சு, காலுக்கு அடியில மாட்டிக் கம்பியால கட்டிட்டோம். இப்ப மேசை பூனை மாதிரி நகருது. ஒரு நிமிசத்துல வகுப்போட உருவமே மாறுது.

என் மேசை? அதை மூலைக்குத் தள்ளிட்டேன். முன்னாடி நடுவுல எனக்கு ஒரு கோட்டை எதுக்கு?

இப்பத்தான் மிசினுக்கு வர்றேன். இவ்ளோ நேரம் காக்க வச்சதுக்குக் காரணம் இருக்கு.

நம்ம நாட்டுல மிசினை முதல்ல வச்சுப் பார்த்தாச்சு. 2011-ல 1பெஸ்தாரிநெட்னு ஒரு திட்டம், ஏறக்குறைய 10,000 பள்ளிகளுக்கு இணையமும் ஃப்ராக் விஎல்இ-ங்கிற கற்றல் தளமும். நூறு கோடிக் கணக்குல வெள்ளி. பயன்பாடு ரொம்பக் குறைவுன்னு தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே சொல்லுச்சு. 2019-ல அந்தத் தளம் முடிஞ்சு போச்சு. அந்தத் தளம் நல்லதா கெட்டதாங்கிறது இல்ல என் பேச்சு. ஒரு பிள்ளை எதுக்காக அதைத் திறக்கணும்ங்கிற கேள்விக்குப் பதில் இல்லாம எந்த மிசின் வந்தாலும், அது பூட்டுன அறையிலதான் கிடக்கும்.

அப்புறம் 2020. மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாடு. பள்ளி மூடியாச்சு, எல்லாம் இணையம். அந்த வருசம் ஜூன்ல டெலிமாங்கிற கற்றல் தளம் வந்துச்சு. வந்தது நல்லதுதான். ஆனா எங்க பிள்ளைங்க வீட்டுல ஒரே கைப்பேசி. அதை அப்பா சட்டைப் பையில வச்சுக்கிட்டுக் காய்கறித் தோட்டத்துக்குப் போயிடுவாரு. வீடு திரும்பி, குளிச்சு, சாப்பிட்டு, ராத்திரி எட்டு மணிக்குத்தான் என் பாடம் அந்த வீட்டுக்குள்ள நுழையும். அண்ணன், அக்கா, தம்பின்னு மூணு பேரு வரிசையில நிப்பாங்க. சபாவுல ஒரு மாணவி பரீட்சை எழுத சிக்னல் தேடி மரத்து மேல ஏறுனாளே, நாடே பேசுச்சு. எங்க மலையில மரம் ஏறல. ரோட்டு வளைவுல சிக்னல் கிடைக்கிற எடத்துல குடையோட நின்னாங்க.

அதைப் பார்த்ததுக்கப்புறம் நான் வச்சுக்கிட்ட சட்டம் இதுதான்: இணையம் இல்லேன்னாலும் ஓடணும். பிள்ளை கையில இருக்கணும். பிள்ளை அதுல எதையாவது செய்யணும், வெறுமனே பார்க்கக் கூடாது.

இப்ப எங்ககிட்ட நாலு டேப்லெட் இருக்கு. பழசு, நல்ல மனசுக்காரங்க கொடுத்தது. ஒரு புரொஜெக்டர். ரெண்டு ஜோடி ஹெட்போன். வீடியோ, படம் எல்லாத்தையும் முன்னாடியே எறக்கி வச்சிடுவேன். மலைக் காத்துல ஈரம் அதிகம், புரொஜெக்டர் கண்ணாடியில பூஞ்சை பிடிச்சிடும். அதுக்குக் கதவு மூடுற பழைய அலமாரிக்குள்ள ஒரு சின்ன குண்டு பல்பு எப்பவும் எரிஞ்சுக்கிட்டு இருக்கும். உள்ள காய்ஞ்ச சூடு, பூஞ்சை வர்றதில்ல. பல்பு எதுமேலயும் படாமப் பார்த்துக்கணும், அதான் முக்கியம். மின்னல்ல மோடம் கருகிப் போறது இங்க சாதாரணம். அதனால வகுப்புல ஒரு மின்னல் மந்திரி உண்டு. வானம் கறுத்தா அவ ஓடி வந்து எங்கிட்ட சொல்லணும், ஒயரை நான் கழட்டிடுவேன். வாரத்துக்கு ஒரு மந்திரி. அந்தப் பதவிக்கு வகுப்புல பெரிய போட்டி!

புதிர் விளையாட்டுச் செயலிங்களை நான் அதிகமா வைக்கிறதில்ல. சத்தமும் கலரும் நல்லாத்தான் இருக்கும். ஆனா வேகமா அமுக்குற பிள்ளைதான் ஜெயிக்கும். மெதுவா யோசிக்கிற பிள்ளை ரெண்டு ஆட்டத்துக்கு மேல எதையாவது அமுக்கிட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருக்கும். யோசிக்கிற பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடம். அந்தப் பிள்ளையைத் தோக்கடிக்கிற எதுவும் என் வகுப்புல வேண்டாம்.

அதுக்குப் பதிலா என்ன பண்றோம்னா, பிள்ளைங்களைப் படம் எடுக்க விடுறேன்.

இந்த வருசம் செஞ்சது தேயிலை. ஒரு பிள்ளையோட பாட்டி முப்பது வருசத்துக்கு மேல கொழுந்து எடுத்தவங்க. நாலு பேரு டேப்லெட்டோட அவங்க வீட்டுக்குப் போனாங்க. கேள்வியை முதல்ல நம்ம பலகையில எழுதி, பொருத்தம் பார்த்து, அடிச்சு, திருத்திக் கொண்டு போனாங்க. பாட்டி பெரட்டைப் பத்திச் சொன்னாங்க, இருட்டுல பேர் கூப்பிடுறது, பேர் விட்டுப் போனா அன்னிக்குக் கூலி இல்ல. கையால கிள்ளுனது, அப்புறம் கத்தரி வந்தது, அப்புறம் ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டுப் போற மிசின் வந்தது. மிசின் போக முடியாத செங்குத்துச் சரிவுல இன்னும் கத்தரிதான்னு சொன்னாங்க. "ஏன் பாட்டி அங்க மட்டும் மிசின் போகாது?"ன்னு ஒருத்தி கேக்குறா. பாட்டி எந்திரிச்சு, பிள்ளை நோட்டுப் புத்தகத்தைச் சாய்ச்சுப் பிடிச்சு, அது மேல ரப்பரை வச்சு உருட்டிக் காட்டுறாங்க. சரிவுப் பாடம்! அதை அப்படியே படம் பிடிச்சுட்டாங்க.

வகுப்புக்கு வந்து, பாட்டி பேசுனதைத் தமிழ்ல தட்டச்சு செய்யணும். ஒருத்தி குரலைக் கேட்டு எழுதுற செயலியை வச்சுப் பார்த்தா. பாட்டி பேச்சு அதுக்குப் பாதி புரியல, "பெரட்டு" வர்ற எடத்துலயெல்லாம் "புரட்டு"ன்னு எழுதுது. பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் உக்காந்து வரி வரியாத் திருத்துனாங்க. நான் "பிழைதிருத்தம் செய்க"ன்னு பயிற்சித்தாள் கொடுத்திருந்தா அஞ்சு வரி செய்ய மாட்டாங்க. இது ரெண்டு பக்கம். கணினியில தமிழ் எழுத நமக்கு முரசு அஞ்சலும், கைப்பேசியில செல்லினமும் செஞ்சு கொடுத்த முத்து நெடுமாறன் நம்ம மலேசியாக்காரர்னு அன்னிக்குச் சொன்னேன். "நம்ம நாட்டு ஆளா டீச்சர்?"னு கண்ணு விரிஞ்சுச்சு. அந்தக் கண்ணைப் பார்க்கணும் நீங்க.

இப்ப அந்தப் பெரியவர் கேள்விக்கு வர்றேன். தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு இவ்ளோ வேணுமா?

இதே பகாங் மாநிலத்துல, ருஞ்சாங் தேசியப் பள்ளியில சாமுவேல் இசாயான்னு ஒரு ஆங்கில ஆசிரியர். பிள்ளைங்க ஓராங் அஸ்லி, அதாவது பூர்வகுடி. அவங்களால முடியாதுங்கிற பேச்சைத் தினமும் கேட்டவர். உக்குலேலே வாசிச்சுப் பாட்டுல பாடம் நடத்துனாரு, பொதுமக்கள் கிட்ட நிதி திரட்டி வகுப்பறையை மாத்துனாரு. 2020-ல உலக ஆசிரியர் விருதோட கடைசிப் பத்துப் பேர்ல ஒருத்தர். அந்த வருசம் ஜெயிச்சது மகாராஷ்டிராவுல பரிதேவாடிங்கிற கிராமத்து ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசாலே. பாடப்புத்தகத்துல கியூஆர் குறியீடு வச்சு, பிள்ளைங்க பாடத்தைக் கேக்கவும் பார்க்கவும் வழி பண்ணவர். பத்து லட்சம் டாலர் பரிசுல பாதியை மத்த ஒன்பது பேருக்கும் பிரிச்சுக் கொடுத்துட்டாரு. ரெண்டு பேரும் எங்கேருந்து வந்தாங்கன்னு பாருங்க. பெரிய பட்டணத்துப் பள்ளியிலேருந்து இல்ல. "இவங்களுக்கு இது போதும்"னு உலகம் ஒதுக்கி வச்ச எடத்துலேருந்து.

தமிழ்நாட்டுல, விழுப்புரம் மாவட்டம் கந்தாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில அன்னபூர்ணா மோகன்னு ஒரு டீச்சர், 2017-ல நகையை வித்து வகுப்பறையைத் திறன் வகுப்பறையா மாத்துனாங்க. அவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். ஆனா அந்தச் செய்தியைப் பகிர்ந்து, "இப்படி இருக்கணும் டீச்சர்னா"ன்னு என் வாட்ஸப்புக்கு அனுப்புறாங்களே, அவங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பிள்ளைக்கு வெளிச்சமும் பலகையும் கிடைக்கிறதுக்கு ஒரு பொம்பளை தன் நகையைக் கழட்டணும்னா, அது அவங்களோட பெருமை. நமக்கு அது வெட்கம். பட்டணத்துப் பள்ளியில யாரும் நகை விக்கிறதில்லையே?

அதனால "இவ்ளோ வேணுமா"ன்னு கேட்ட அந்தப் பெரியவருக்கு என் பதில்: இவ்ளோ பத்தாது. இன்னும் வேணும். விடியறதுக்கு முன்னாடி அப்பா அம்மா வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைக்கு, வீட்டுல சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு, டியூசன் இருக்குற ஊருக்குப் போகவே வளைஞ்சு வளைஞ்சு மலை எறங்க வேண்டிய பிள்ளைக்கு, பள்ளிக்கூடத்துல கிடைக்கிறதுதான் எல்லாம். அப்படின்னா இருக்குறதுலயே நல்ல வகுப்பறை அந்தப் பிள்ளைக்குத்தானே போகணும்?

இன்னொரு வேலை பாக்கி இருக்கு, இதுல உங்க உதவி வேணும்.

எங்க கூரை தகரம். மதியம் மழை பிடிச்சா நான் கத்துறது முன் வரிசைக்கே கேக்காது. இப்போதைக்கு மழை நேரத்தை எழுதுறதுக்கும் படத்தை வெட்டி ஒட்டுறதுக்கும் வச்சுக்கிட்டோம், ஹெட்போன்ல ரெண்டு ரெண்டு பேரா கதை கேக்குறாங்க. ஆனா சேர்ந்து வாசிக்க, பேச, விவாதம் பண்ண முடியல. முட்டை அட்டையைக் கூரையில ஒட்டலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அது மழைச் சத்தத்தைத் தடுக்காது, தீ பிடிக்கிற ஆபத்து வேற. வேண்டாம்னுட்டேன். தகரத்துக்கு அடியில பஞ்சுத் தடுப்பு போட்டுக் கீழ பலகைக் கூரை அடிச்சா நல்லாக் குறையும்னு ஒரு அப்பா சொல்றாரு. அவர் கட்டட வேலை செய்யறவரு. ஆனா எங்க ஈரத்துக்கு அந்தப் பஞ்சு எத்தனை வருசம் தாங்கும், எலி கூடு கட்டாம இருக்க என்ன செய்யணும்?

மலைப் பள்ளியில, தகரக் கூரைக்குக் கீழ பாடம் நடத்துற டீச்சர்மாருங்க, கூரை வேலை தெரிஞ்ச அண்ணன்மாருங்க யாராவது செஞ்சு பார்த்திருந்தா சொல்லுங்க. எந்தப் பஞ்சு, ஒரு வகுப்புக்கு எத்தனை வெள்ளி ஆகும், எத்தனை நாள் வேலை. வருசக் கடைசி விடுமுறையில அடிச்சிடலாம்னு இருக்கோம். பெயிண்ட் அடிச்ச அதே அப்பாமாருங்க ஏணியோட ரெடி.